முதல் வரிசை வண்டி

படகு ஓடும்போது வண்டிக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது. படகு கட்டின காலத்துச் சட்டம் அது என்று, கீழ்த்தட்டில் வண்டிகளை நிறுத்தி முன்னும் பின்னும் சங்கிலி மாட்டுகிறவர் பெருமையாகச் சொன்னார். அவரை எல்லாரும் சங்கிலிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பெருமைப்பட அவருக்கு உரிமை உண்டு. பக்கத்துத் துறையில் வெள்ளை வெளேரென்று புதுப் படகுகள் காலியாக நிற்க, ஜனம் இந்தக் கிழட்டுப் படகில்தான் முட்டி மோதிக்கொண்டு ஏறியது. தீவுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் தீவுக்காக வருவதில்லை. படகின் மரத் தரைக்காகவும் பித்தளைக் கைப்பிடிகளுக்காகவும், தாத்தா காலத்திலிருந்து மாற்றாத அந்த எஞ்சினுக்காகவும் வருகிறார்கள்.

"சட்டம் சரிங்க. இந்தக் காலை வெச்சுக்கிட்டு அந்தப் படி ஏற முடியுமான்னு நீங்களே சொல்லுங்க," என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

சங்கிலிக்காரர் குனிந்து பார்த்தார். பின்சீட்டில் அவளுடைய நாத்தனார், அவள் அண்ணி என்று கூப்பிடும் புருஷனின் அக்கா, கதவில் முதுகைச் சாய்த்து, சீட்டின் நீளத்துக்கும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தொடை வரைக்கும் மாவுக்கட்டு. சங்கிலிக்காரர் திரும்பி மேல்தட்டுக்குப் போகும் படியையும் பார்த்தார். படி என்று பேருக்குத்தான். சுவரில் சாத்திவைத்த ஏணி மாதிரி இருந்தது.

"கூட ஒருத்தர் இருக்கணும். நீங்க இருப்பீங்களா?"

"நான் இருக்கேன்."

யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. அவளாகத்தான் சொன்னாள். சொல்லும்போதே மேலே போய்விடுவது என்ற முடிவும் மனசுக்குள் இருந்தது.

அவளைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து அவளும் அவள் புருஷனும் சேர்ந்து எங்கும் போனதில்லை. அவன் ஒர்க்‌ஷாப்புக்கு லீவு விட்டால் அவளுடைய மருந்துக்கடையில் லீவு கிடைக்காது. அவளுக்குக் கிடைத்தால் எவனாவது ஒருவன் நடுரோட்டில் வண்டி நின்றுபோய் இவனுக்கு போன் போடுவான். எப்படியோ இரண்டும் கூடிவந்து தீவில் அறை எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணி வழுக்கி விழுந்தார். அவர் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் வார்டன். குளியலறை ஈரமாக இருக்கிறது என்று பெண்களைத் திட்டிக்கொண்டே போய் அதே ஈரத்தில் விழுந்தார். காலில் கட்டோடு தம்பி வீட்டுக்கு வந்தார். தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது, அக்காவும் வரட்டுமே என்றான் அவன்.  

வீட்டிலும் அண்ணிக்கு அதே உத்தியோகம்தான். காலையில் கிளம்புவதற்குள் கேஸை மூடியாச்சா, குழாயை மூடியாச்சா, பால்காரனிடம் சொல்லியாச்சா என்று ஹாஸ்டலில் ஆஜர் எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தார். அவள் குளியலறைக்குள் போய் தன் தங்கைக்கு போன் போட்டாள். லீவு எல்லாம் இல்லடி, டூட்டிதான், இடம்தான் வேற என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கதவு சரியாகச் சாத்தவில்லை. அண்ணி கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா இல்லையா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

அதனால்தான் அந்தப் பொய். மேல்தட்டில் ஒரு பெஞ்சு, பக்கத்தில் புருஷன், எதிரே கடல். அந்தப் படகுப் பயணம் மட்டும் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"அண்ணி, முதல் வரிசை. கண்ணாடி வழியாவே எல்லாம் தெரியும். நான் ஒரு எட்டு மேல போயிட்டு வந்துடறேன்."

"போ. நான் எங்க ஓடிடப் போறேன்."

சங்கிலிக்காரர் இதற்குள் வண்டி வண்டியாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே பின்பக்கம் போய்விட்டார். கியர் போட்டாச்சா, ஹேண்ட் பிரேக் போட்டாச்சா. லாரிகளுக்கு மட்டும் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார். கார்காரர்கள் வாயால் சொன்னால் போதும். மெக்கானிக்கும், கேள்வி முடிவதற்கு முன்பே, ஆச்சு ஆச்சு என்று சொல்லிவிட்டு எஞ்சினைப் பார்க்க ஓடியிருந்தான்.

அவன் பொய் சொல்லவில்லை. போட்டதாகத்தான் நினைத்தான். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் எந்த வண்டியையும் கியரில் நிறுத்தமாட்டார்கள், ஹேண்ட் பிரேக்கும் போடமாட்டார்கள். இருக்கிற இடத்தில் இன்னொரு வண்டியை நுழைக்க வேண்டுமானால் யார் வேண்டுமானாலும் தள்ளுகிற மாதிரி நியூட்ரலில், சாவியோடு, விட்டுவிட்டு இறங்க வேண்டும். மறந்துபோய் ஹேண்ட் பிரேக் போட்ட பையனுக்கு அவன் கையால் ஒரு குட்டு விழும். இத்தனை வருஷமாக வண்டி நின்றதும் அவன் கை தானாக கியரை நடுவில் தள்ளிவிடும். சமதளத்தில் பிழைப்பு நடத்துகிறவனுக்கு அது தப்பே இல்லை. படகின் தரை சமதளம் இல்லை என்பது மட்டும் அவன் கைக்குத் தெரியவில்லை.

மேல்தட்டில் அவள் ஒரு பெஞ்சைப் பிடித்து, பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்தாள். படகு கிளம்பிற்று. கரை சின்னதாகிக்கொண்டே போயிற்று. கைப்பை மட்டும்தான் பக்கத்தில் இருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த பெரிய கண்ணாடிக்காரி யாருக்கு இடம் என்று கேட்டாள். வீட்டுக்காரருக்கு, எஞ்சினைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றாள் இவள்.

"எங்க வீட்டுக்காரரும் அங்கதான் இருக்கார். நம்மகூட வந்தா கடல், அந்த எஞ்சின்கூட போனா எண்ணெய்ப் பிசுக்கு. அதுதான் பிடிச்சிருக்கு, என்ன பண்றது."

இருவரும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு எட்டு போய்விட்டு வருகிறேன் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம், அவன் வந்துவிடுவான், வந்ததும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்று உட்கார்ந்தாள்.

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. கரையின் முனையைத் தாண்டுகிறோம், இதோ தீவு தெரியும் என்றது. பெஞ்சுகள் மொத்தமும் காலியாயின. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டவர்கள், செல்போனை நீட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் முன்பக்கக் கம்பிக்குப் போனார்கள். அவளையும் கூட்டம் கொண்டுபோய் கம்பியில் சேர்த்தது. அத்தனை பேரும் ஒரே பக்கம் சேர்ந்ததில் படகின் மூக்கு லேசாகக் குனிந்தது. திறந்த கடலின் அலையும் அங்கேதான் தொடங்கிற்று.

பக்கத்தில் யாரோ, அங்க பாருங்க, அருவி தெரியுது என்றார்கள். அவள் பார்க்கவில்லை. அவள் கண் நேராகக் கீழே போயிருந்தது.

மேல்தட்டுக்குக் கீழேயிருந்து ஒரு காரின் மூக்கு வெளியே வந்தது. வெள்ளை பானெட். மெல்ல வந்து, எதன் மீதோ இடித்து நின்று, திரும்ப உள்ளே போயிற்று. மறுபடி வந்தது. இப்போது கண்ணாடியின் விளிம்பும் சேர்ந்து தெரிந்தது. பச்சைக் காருக்கு வெள்ளை பானெட். வாடிக்கையாளர் வண்டிக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறவன், தன் வண்டிக்கு மட்டும் எதிலிருந்தோ கழற்றி மாட்டிய பானெட்டை அப்படியே விட்டிருந்தான். ஊரில் அந்த மாதிரி இன்னொரு கார் கிடையாது.

கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு படிக்கு வந்தாள். மேலே வருகிறவர்களை இடித்துக்கொண்டு இறங்கினாள். ஏம்மா, பார்த்து வரக்கூடாதா என்று ஒரு குரல். 

கீழ்த்தட்டில் எஞ்சின் சத்தம் காதை அடைத்தது. சங்கிலிக்காரர் படகின் மறு கோடியில் லாரி ஒன்றின் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் கூப்பிட்டாள். அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஓடிப்போய்க் கூட்டி வரலாம். அங்கே போய்ச் சேர்வதற்குள் என்ன ஆகும் என்று திரும்பிப் பார்த்தாள்.

படகின் மூக்கு இறங்கும்போது கார் முன்னால் உருண்டு சங்கிலியில் மோதிற்று. மூக்கு எழும்போது பின்னால் வந்து, இரண்டாம் வரிசை வேனைத் தொடாமல் நின்றது. ஒவ்வொரு மோதலுக்கும் சங்கிலியின் கொக்கி வளையத்திலிருந்து ஒரு விரல் அளவு எழும்பி எழும்பி உட்கார்ந்தது. சங்கிலிக்கு அப்பால், வண்டிகள் இறங்குவதற்கான இரும்புத் தகடு பாதி தூக்கிய நிலையில் கம்பியில் தொங்கிற்று. அதற்கும் அப்பால் ஒன்றுமில்லை. தண்ணீர்தான்.

அண்ணி முன்சீட்டுகள் இரண்டையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார்.

"பிரேக் போடல போல இருக்கு," என்றார். மழை வரும் போல இருக்கு என்கிற குரலில் சொன்னார்.

"இறங்குங்க அண்ணி. கையைக் குடுங்க."

"இந்தக் காலைத் தூக்கி வெளியே வைக்கிறதுக்குள்ள வண்டி நகருது. நான் பார்த்துட்டேன். நீ போய் ஆளைக் கூப்பிடு."

"கூப்பிட்டேன். காதுல விழல."

"அப்ப தள்ளி நில்லு. ரெண்டு பேரும் சேர்ந்து போறதுல என்ன லாபம்."

அவள் ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். வைத்தபடி நின்றாள்.

படகின் மூக்கு இறங்கிற்று. கைப்பிடி அவள் கையை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. அவளும் கூடவே இரண்டு அடி நடந்தாள். கதவைத் திறக்கவில்லை. மோதல். கொக்கி எழும்பி, சாய்ந்து, வளையத்தின் நுனியில் போய் உட்கார்ந்தது. கார் பின்னால் வந்தது. அவளும் பின்னால் நடந்தாள். கை இன்னும் கைப்பிடியில்தான். அண்ணி முன்கண்ணாடி வழியாகத் தண்ணீரைப் பார்ப்பதை விட்டு, இவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை மூக்கு இறங்கத் தொடங்கியபோது கதவு திறந்தது. அவள் உள்ளே விழுந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்ல முடியாது.

வண்டி ஓட்ட அவளுக்குத் தெரியாது. மெக்கானிக் பெண்டாட்டிக்கு வண்டி ஓட்டத் தெரியாதா என்று கேட்காத ஆளில்லை. ஓட்டுநர் சீட்டில் அவள் செய்து பழகிய வேலை ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் அவன் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றுவான். அவள் மேலே உட்கார்ந்து, அவன் மிதி என்றால் மிதிப்பாள், பிடி என்றால் பிடித்துக்கொள்வாள். பேச்சு கொடுத்தால் திட்டுவான். நடுவில் இருக்கிற மிதி அது என்று காலுக்குத் தெரியும்.

கால் தேடிப்போய் மிதித்தது.

கார் சங்கிலியை முட்டி, நின்றது. படகு எழுந்தபோதும் அது பின்னால் போகவில்லை. சங்கிலி விறைத்துக்கொண்டு அதன் மூக்கிலேயே அழுந்தி நின்றது. கொக்கி வளையத்தின் நுனியில்தான் இருந்தது.

"பிடி," என்றார் அண்ணி பின்னாலிருந்து. அந்தச் சொல்லை எங்கே கற்றுக்கொண்டாரோ.

"பிடிச்சிருக்கேன்."

"ரெண்டு காலையும் வை. முதுகை சீட்டுல அழுத்து. பல்லைக் கடிக்காதே, தலைவலி வரும்."

படகு இறங்கும் ஒவ்வொரு முறையும் காரின் மொத்தப் பாரமும் அவள் உள்ளங்காலுக்கு வந்தது. மிதி கல் மாதிரி ஆகிவிட்டிருந்தது. தொடை நடுங்கத் தொடங்கிற்று. நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. எதிரே தகட்டின் விளிம்புக்கு மேல் தண்ணீர் எழும், இறங்கும். எழும்போது கண்ணாடியில் தூறல் விழுந்தது.

"நடுங்குதா?"

"ஆமா அண்ணி."

"டூட்டின்னா அப்படித்தான்."

அப்படியானால் காலையில் காதில் விழுந்துதான் இருந்திருக்கிறது. அவளுக்கு முகம் சுட்டது. அந்த நேரத்திலும் சுட்டது. என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் அடுத்த குரல் வந்தது.

"ஹாரன் எங்க இருக்கு?"

அவளுக்குத் தோன்றவே இல்லை. ஸ்டியரிங் வட்டத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். படகின் கீழ்த்தட்டு முழுக்க அலறியது. அழுத்திய கையை எடுக்கவில்லை.

ஹாரன் அடிப்பதும் சட்டப்படி குற்றம். சங்கிலிக்காரர் அதற்காகத்தான் கோபமாக வந்தார். வண்டிகளுக்கு நடுவில் நுழைந்து வரும்போதே ஏதோ திட்டிக்கொண்டு வந்தது தெரிந்தது. முதல் வரிசைக்கு வந்து சங்கிலியைப் பார்த்ததும் வாய் மூடிவிட்டது. அந்த வயசில் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். நாலு கட்டைகளோடு திரும்பி வந்து, காரின் மூக்குக்கு அடியில் மண்டியிட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாகச் செருகிக் குதிகாலால் உதைத்தார். பின்னாலும் இரண்டு. பிறகு கொக்கியைத் தட்டி வளையத்துக்குள் இறக்கினார். கடைசியாக, திறந்திருந்த கதவு வழியே கையை விட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். கர்ர்ரென்று பல் பல்லாக ஏறிற்று. அந்தச் சத்தத்தை அந்த வண்டியில் அவள் கேட்டதே இல்லை.

"காலை எடுக்கலாம்."

அவள் எடுக்கவில்லை.

"யாரு ஓட்டிக்கிட்டு வந்தது?"

"எங்க வீட்டுக்காரர்."

"என்ன வேலை பார்க்கிறார்?"

 பின்சீட்டிலிருந்து பதில் வந்தது.

"மெக்கானிக். சிரிக்கிறதா இருந்தா சிரிங்க."

சங்கிலிக்காரர் சிரிக்கவில்லை. முழங்காலில் படிந்த துருவைத் தட்டிக்கொண்டே, கூட இருக்கேன்னு சொன்னது நீங்கதானே என்று அவளிடம் கேட்டார். ஆமாம் என்றாள். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. அண்ணி ஏதாவது சொல்வார், இங்கதான் இருந்தா, இப்பத்தான் போனா என்று ஒரு வார்த்தையாவது சேர்த்துச் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். அண்ணி வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் மெக்கானிக் வந்தான். முழங்கை வரை கரி. முகமெல்லாம் பல். அந்த எஞ்சினுக்குள்ளே தன்னை இறங்க விட்டார்கள், ஒரு வால்வைத் தொட்டுப் பார்க்கக்கூட விட்டார்கள் என்று தூரத்திலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தான். மனைவி ஓட்டுநர் சீட்டில் இருப்பதையும் சக்கரத்தின் கட்டைகளையும் பார்த்து நின்றான். ஹேண்ட் பிரேக் மேலே நிற்பதைப் பார்த்தான். அவன் கை தானாக வயிற்றில் துடைத்துக்கொண்டது. யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் தொழில் அது.

"அக்கா," என்றான்.

"கொஞ்சம் இப்படி வாங்க," என்று சங்கிலிக்காரர் அவனைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அவர் பேசுவது கேட்கவில்லை. கை மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. மெக்கானிக் தலையைக் குனிந்து நின்றான்.

காருக்குள் இருவரும்தான் இருந்தார்கள். தீவு இப்போது கண்ணாடி முழுவதையும் நிறைத்துக்கொண்டு வந்தது. பாறைகள், மரங்கள், துறையில் கயிற்றோடு நிற்கும் ஆட்கள். அவள் கால் இன்னும் மிதியில்தான் இருந்தது.

"அண்ணி, நான் மேல போயிருக்கக் கூடாது."

"கூடாதுதான்."

"அவர்கூட கொஞ்ச நேரம் தனியா..."

"அது எனக்குத் தெரியாதா. நான் அதைச் சொல்லல." அண்ணி நிறுத்தினார். கட்டுக் காலை ஒரு கையால் பிடித்துக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். "வண்டிக்கு வெளியே நின்னியே, கதவுல கை வெச்சுட்டு. ஒரு தடவை வண்டி முன்னாடி போயிட்டு வந்துச்சு. நீ திறக்கல. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பயமாக இருந்தது என்று சொல்லலாம். எந்த மிதி என்று தெரியவில்லை, கதவு திறக்கவில்லை என்றும் சொல்லலாம். பயம் நிஜம்தான். ஆனால் கார் முன்னால் போய் வந்த அந்த ஒரு தடவையில் பயம் மட்டுமே இருந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. ஹாஸ்டலில் எத்தனையோ பெண்களின் பொய்யைக் கேட்ட காது பின்னால் காத்திருந்தது.

"ஆமா அண்ணி. நின்னேன்."

படகின் எஞ்சின் சுருதி இறங்கிற்று. துறை நெருங்கிவிட்டது. மேல்தட்டில் ஜனங்கள் படியை நோக்கி நடக்கிற சத்தம் தலைக்கு மேல் தடதடவென்று போயிற்று.

"நானா இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருப்பேன்," என்றார் அண்ணி.

அவள் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். அண்ணி சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டு வண்டிகளுக்கு நடுவில் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் வர்றான். காலை எடு, அவன் ஓட்டணும். நீ முன்னாடி உட்காராதே, பின்னாடி வா. இந்தக் காலை யார் மேலயாவது வெச்சாத்தான் வலி குறையும்."